துருவரசனுக்கு ஒரு காரணம்

ஹாக்ஸ்டன் காமிக்ஸின் ஆசிரியர் ஹால் ட்ரஸ்காட்டின் மேசைக்குப் பின்னால் ஒரு அட்டைப் பலகை தொங்கியது. இடது பக்கம் வில்லன்களின் பெயர்கள். வலது பக்கம், அவர்கள் ஏன் கெட்டுப்போனார்கள் என்பதற்கான காரணங்கள். நத்தை மனிதன்: சோதனைக்கூடத்தில் வெடிவிபத்து. பேராசிரியர் பூஜ்ஜியம்: சோதனைக்கூடத்தில் வெடிவிபத்து, வேறு சோதனைக்கூடம். நச்சு நாயகி: தேவாலய வாசல்வரை வந்த மாப்பிள்ளை திரும்பி ஓடிவிட்டான். மேஜர் மூடுபனி: வளர்த்த கிளி செத்துப்போனது.

கிளி வந்தது ஆகஸ்ட் மாதத்தில். அதற்குள் சாகடிக்க மனைவிகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கூத்து ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 1975இல், மன்ஹாட்டனில் நாலு தெரு தள்ளியிருந்த போட்டிக் கம்பெனி, வங்கிக் கொள்ளை அடிக்கும் தன் வில்லன் ஒருவனுக்கு இறந்துபோன மனைவி ஒருத்தியைக் கொடுத்தது. அந்த இதழ் கடைகளில் ஒரு பிரதிகூட மிச்சமில்லாமல் விற்றது. ஹால் அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். இனிமேல் ஹாக்ஸ்டன் வில்லன் எவனும் காரணமில்லாமல் கெட்டவனாக இருக்கக் கூடாது. வாசகன் அவனைப் பார்த்து ஒரு நிமிடமாவது 'ஐயோ பாவம்' என்று சொல்ல வேண்டும். ஒரே காரணம் இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் பலகை. சோதனைக்கூடங்களுக்கு மட்டும் விலக்கு.

இருபத்து மூன்று வில்லன்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அது துருவரசனுடையது.

தொட்ட இரும்பையெல்லாம் துருவாக உதிர்த்துவிடுகிறவன் அவன். பாலம், பெட்டகம், ரயில் தண்டவாளம் எதுவும் அவன் கைக்குத் தப்பாது. தலையில் செம்புக் கவசம் போட்டிருப்பான். இரும்பில் போட்டால் முதல் தும்மலிலேயே பொடியாகிவிடும் அல்லவா? 1951இல் அவனைப் படைத்த இர்வ் மாண்டெல்கெர்ன் அப்போதே இதையெல்லாம் யோசித்திருந்தார். இருபத்தாறு வருடமாக அவனை வரைவதும் அவர்தான்.

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பும் வேலை பெர்னடெட் ஸ்கலீசியிடம் வந்தது. எல்லோருக்கும் அவள் பெர்னி. ஸ்டேட்டன் தீவிலிருந்து தினமும் படகேறி வருகிறவள், வயது இருபத்தாறு. மூன்று வருடம் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசையில் இருந்துவிட்டு, ஆறு மாதம் முன்புதான் கதை எழுத வந்திருந்தாள். 'ஆகாயத் தளபதி' புத்தகத்தின் 112ஆவது இதழ் அவளுடைய பரீட்சை என்று ஹால் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். துருவரசனுக்காக வாசகர்கள் கண் கலங்கினால் இனி மாதாமாதம் அந்தப் புத்தகத்தை எழுதுவது அவளே. கலங்காவிட்டால், அல்லது பக்கங்கள் வியாழக்கிழமைக்குள் மை தீட்டுபவரிடம் போகாமல் அச்சகத்தில் பிடித்து வைத்த நாள் தவறிப்போனால், மறுபடியும் கடித மேசை. அந்த மேசைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுத்தாளர் வசனம் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓவியர் வரைவார் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஹாக்ஸ்டனில் அது தலைகீழ். எழுத்தாளர் ஒன்றரைப் பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் மட்டும் தட்டச்சு செய்து கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு ஓவியர் தன் வீட்டில் உட்கார்ந்து பதினேழு பக்கமும் பென்சிலில் வரைந்து அனுப்புவார். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார். அதற்குப் பிறகுதான் எழுத்தாளர் படங்களைப் பார்த்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதுவார். அப்புறம் எழுத்து வரைபவர், அப்புறம் பென்சில் கோட்டின் மேல் மை, அப்புறம் வண்ணம், அப்புறம் அச்சு. இதில் ஒரு சௌகரியம், ஒரே எழுத்தாளர் நாலு ஓவியர்களுக்குத் தீனி போடலாம். ஒரு அசௌகரியம், வரைந்தது வரைந்ததுதான். ஒரு பக்கம் வரைய முழுசாக ஒரு நாள் பிடிக்கும் என்பதால் யாரும் திருப்பி வரைய மாட்டார்கள். எழுத்தாளருக்குக் கிடைப்பது படத்துக்கு முன் ஒரு வாய்ப்பு, படத்துக்குப் பின் ஒரு வாய்ப்பு. நடுவில் நடப்பது ஓவியருக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம்.

பெர்னி தன் முதல் வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்தியிருந்தாள். அவளுடைய சுருக்கம் இதுதான்: ஏழாம் பக்கத்தில், இடிந்த பாலத்தின் மேல், நாயகன் ஆகாயத் தளபதி துருவரசனின் சட்டையைப் பிடிக்கிறான். உனக்கு இந்த உலகம் என்ன கொடுமை செய்தது என்று கேட்கிறான். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து பக்கம் பழைய கதை. கொட்டும் மழையில் அப்பாவின் இறுதிச் சடங்கு. பலர் குடைகளுடன் நிற்கிறார்கள். எட்டு வயதுப் பையன் தனியாக நனைகிறான். அநாதை இல்லத்தின் இரும்புக் கதவு அவன் பின்னால் மூடுகிறது. அழுதுகொண்டே அதைத் தொடுகிறான். முதல் துரு.

தட்டச்சு செய்யும்போதே மூக்கைச் சிந்திக்கொண்டாள். இரும்புக் கதவை நினைத்து இரண்டு நாள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

செப்டம்பர் மூன்றாவது திங்கட்கிழமை இர்வின் பக்கங்கள் வந்தன. ஏழாம் பக்கம் பிரமாதம். பாலம், கிழிந்த மேலங்கி, சட்டையைப் பிடித்த முஷ்டி எல்லாம் இருந்தன. எட்டாம் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு சமையலறையில் உப்பிய கன்னமுள்ள பையன் ஒருவன் கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அடுத்த கட்டத்தில் அதே பையன், அதே சமையலறை, கொஞ்சம் உயரம் கூடுதல், இன்னொரு கேக். அதற்கடுத்த கட்டத்தில் இன்னொரு கேக். ஐந்து பக்கம், முப்பது கட்டம், முப்பது பிறந்தநாள். பன்னிரண்டாம் பக்கத்துக்கு வரும்போது பையன் வளர்ந்து முழு வில்லனாகி, செம்புக் கவசத்தைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, கேக் செய்த டின்னைக் கையில் பிடித்துச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான். மழை இல்லை. சவப்பெட்டி இல்லை. இரும்புக் கதவு எங்கேயும் இல்லை. பதிமூன்றாம் பக்கத்தில் மறுபடி பாலம் வந்தது, துருவரசன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெர்னி உடனே க்வீன்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். இர்வ் நிதானமாகப் பேசினார்.

"அவன் கெட்டவன், பெர்னி. பிடிச்சுப்போய்தான் கெட்டவனா இருக்கான். வேற எதையும் வரைய என் மனசாட்சி ஒத்துக்கல."

போனை வைத்துவிட்டார்.

மனசாட்சி என்ற சொல் அலுவலகத்தில் பெரிய வேலை செய்தது. வேறு எந்த ஆபீஸாக இருந்தாலும் கிழவன் அடம் பிடிக்கிறான் என்று சொல்லி விட்டிருப்பார்கள். இவர்கள் இரண்டு வருடமாகக் காரணம் தயாரித்துப் பழகியவர்கள். ஒரு பிடிவாதத்தைப் பார்த்தால் அதற்கடியில் ஒரு சவப்பெட்டியைத் தேடுவது அங்கே தொழில்நோய். கத்தத் தயாராக அறையைவிட்டு வெளியே வந்த ஹால், அந்தச் சொல்லைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓடெல், பதினெட்டு வருடமாக ஹாக்ஸ்டனின் ஒவ்வொரு வசனத்தையும் கையால் எழுதுகிறவர், பேனாவைத் துடைத்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"யோசிச்சுப் பாருங்க. இருபத்தாறு வருஷத்துல இர்வ் ஒரு மழைகூட வரைஞ்சதில்ல."

மூவரும் யோசித்தார்கள். உண்மைதான். ஆகாயத் தளபதியின் நகரத்தில் 1951லிருந்து ஒரு சொட்டு விழவில்லை. ஹால் பழைய இதழ்களை இழுத்துப் புரட்டிப் பார்த்தார். குடை இல்லை. இறுதிச் சடங்கு இல்லை. குழந்தைகள்கூட அநேகமாக இல்லை. ஹால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம் மனுஷன், சின்ன வயதில் என்ன நடந்ததோ, இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லையே என்றார். அவரிடம் பக்குவமாகப் பேச ஒரு பெண்ணால்தான் முடியும் என்று தீர்மானித்து, நாளைக்கே நேரில் போய்வரும்படி பெர்னியிடம் சொல்லிவிட்டு, தன் செலவில் ஒரு பெட்டி நிறைய பாதாம் பன்னும் வாங்கிக் கொடுத்தார். ஹால் தன் செலவில் எதையும் வாங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் சுரங்க ரயிலில், மடியில் பன் பெட்டியோடு, பெர்னி இர்வின் வாழ்க்கையை எழுதி முடித்தாள். காகிதத்தில் இல்லை, மனதுக்குள்தான். எட்டு வயது இர்வ். கொட்டும் மழை. குடை பிடிக்க ஆளில்லை. அப்பாவின் பெட்டி மண்ணுக்குள் இறங்குகிறது. அம்மா அதே குளிர்காலத்தில். அப்புறம் அத்தை வீடு, அந்த அத்தை ஒருபோதும் கேக் செய்ததில்லை. அதனால்தான் முப்பது கேக். அதைக் கண்டுபிடித்த இடத்தில் பெர்னிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தன் பிழைப்புக்காக அந்த மனிதனின் புண்ணைக் கீறினோமே என்று நொந்துகொண்டாள். அதே சமயம், அத்தை கேக் செய்யாதது நல்ல திருப்பம் என்றும் மனதின் இன்னொரு மூலை குறித்துக்கொண்டது.

க்வீன்ஸின் ரீகோ பார்க் பகுதியில் மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினாள். தொளதொளத்த கம்பளிச் சட்டை போட்ட ஒரு முதியவர், எண்பத்தைந்து வயதிருக்கும், ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்தார்.

"இர்வைப் பாக்க வந்தியாம்மா? உள்ள இருக்கான். நான் அவன் அப்பா."

அரைமணி நேரத்துக்கு முன்புதான் பெர்னி இவரை மழையில் புதைத்திருந்தாள். அவர் பன் பெட்டியைப் பார்த்தார், திறந்தார், ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே ரேடியோ பக்கம் போய்விட்டார். அம்மாவும் உயிரோடுதான் இருந்தாள். ஃப்ரீடா மாண்டெல்கெர்ன், எண்பத்திரண்டு வயது, சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அந்தச் சமையலறையைப் பெர்னிக்கு நன்றாகத் தெரியும். நேற்று முழுக்க அதைத்தான் முப்பது கட்டங்களில் பார்த்திருந்தாள். அதே ஃப்ரிட்ஜ், அதே திரைச்சீலை, அதே வட்ட மேசை. அந்த மேசையில் வரைபலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஐம்பத்தொன்பது வயது இர்வ், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்போடு உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டிலேயே வளர்ந்து, கல்யாணம் பிடிக்காமல், இந்த வீட்டிலேயே இருந்துவிட்டவர் என்பது பிறகு தெரிந்தது.

பெர்னி தான் தயாரித்து வந்த ஆறுதலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டாள். சின்ன வயதில் ஏதாவது நடந்ததா?

"நடந்துச்சு. அம்மை போட்டுச்சு. ஒரு வாரம் ஸ்கூல் லீவு. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

"அப்ப மழை? குடை? அநாதை இல்லம்? ஏன் வரைய மாட்டேன்னீங்க?"

இர்வ் அவளுடைய கதைச் சுருக்கத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். பலர் குடைகளுடன் நிற்கிறார்கள்.

"இதை டைப் அடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? மூணு செகண்டு? இப்ப நான் சொல்றேன் கேளு. ஒரு குடைக்கு எட்டுக் கம்பி. நிமித்திப் பிடிச்சா ஒரு மாதிரி, சாய்ச்சுப் பிடிச்சா வேற மாதிரி. பலர்னா குறைஞ்சது பன்னெண்டு பேர். தொண்ணூத்தாறு கம்பி. அதுக்கு மேல மழை, ஒவ்வொரு கோடும் கையால போடணும், முகத்துக்கு மேல போகக் கூடாது, குடைக்கு உள்ள வரக் கூடாது. அப்புறம் குழந்தை. குழந்தைக்குக் கழுத்தே கிடையாது, தலை பெருசு, கொஞ்சம் தப்பினா குள்ளமான பேங்க் மேனேஜர் மாதிரி ஆயிடும். இரும்புக் கேட்டுன்னா பூவேலைப்பாடு. அஞ்சு பக்கம் இதையே வரைஞ்சா எனக்குக் கை போயிடும்."

"கேக்?"

"கேக்குன்னா ஒரு வட்டம், ரெண்டு கோடு. சமையலறை எதுக்க இருக்கு, நிமிந்து பாத்தா போதும். பையன் மேசைக்குப் பின்னால, பாதி உடம்பு மறைஞ்சுடும். ஞாயித்துக்கிழமை மத்தியானமே முடிச்சுட்டேன்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள் பெர்னி. இர்வ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். குடை வரையச் சோம்பலாக இருக்கிறது என்று சொல்கிற ஓவியனுக்கு வேலை போகும். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்கிறவனுக்குப் பன் வருகிறது. பன்னை ஹால் தன் காசிலேயே வாங்கினானா என்று இரண்டு தடவை கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமைக்குள் திருப்பி வரைவதற்கு வழியே இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். பெர்னி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலில்லாத மேசை கண்ணுக்குத் தெரிந்தது. முப்பது சந்தோஷமான படங்களை வைத்துக்கொண்டு யாரை அழ வைப்பது? அது அப்பா கடைசியாகக் கொண்டாடிய பிறந்தநாள் என்று எழுதலாம் என்றால், அடுத்த கட்டத்திலும் கேக். கேக்கில் விஷம் என்று எழுதலாம் என்றால், அதற்கடுத்த கட்டத்திலும் பையன் தின்றுகொண்டு இருக்கிறான். சோகத்துக்கு ஒரு சந்து விடாமல் அடைத்து வைத்திருந்தார் மனுஷன்.

ஃப்ரீடா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பெர்னி பரப்பி வைத்திருந்த பக்கங்களைக் குனிந்து பார்த்தாள். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இது யாருடா, அடுப்புகிட்ட நிக்கிறது?"

அப்போதுதான் பெர்னியும் பார்த்தாள். முப்பது கட்டத்திலும் ஓரமாக ஒரு பெண் இருந்தாள். எல்லாவற்றிலும் முதுகுதான்.

"அவன் அம்மா."

"மூஞ்சி எங்க?"

"மூஞ்சின்னா வேலைம்மா. முதுகுன்னா ஒரு கோடு."

"அம்பத்தொம்பது வருஷமா சமைச்சுப் போடறேன், இவன் பாத்தது முதுகைத்தான்" என்று ஃப்ரீடா பெர்னியிடம் புகார் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு குறைவு என்கிற மாதிரி சொன்னாள். பிறகு பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தைத் தட்டினாள். அதில் மேசைமேல் வெட்டாத கேக் இருந்தது, அந்த முதுகு இருந்தது, பையன் இல்லை.

"இங்க அவன் எங்கடா?"

"அப்ப மேட்ச் ஆரம்பிச்சுடுச்சு. அவனை விட்டுட்டேன்."

பெர்னி காபியைக் குடிக்கவில்லை. பக்கங்களை வாரிக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் எழுதினாள். இரண்டாவது வாய்ப்பு இது. படத்தின் மேலே உள்ள வெற்றிடத்தில் இருபது சொற்களுக்கு மேல் பிடிக்காது, அதனால் சுருக்கமாகத்தான் எழுத முடியும். அது நல்லதாகவே போயிற்று. தளபதியின் கேள்வியை மாற்றவில்லை. துருவரசனின் பதில் மட்டும் ஒரே வரி: "ஒண்ணும் செய்யல." அதற்குப் பிறகு ஐந்து பக்கத்திலும் அவன் பேசவில்லை. அடுப்படி முதுகுதான் பேசியது.

'ஆறாவது பிறந்தநாள். எலுமிச்சை கேக். முழுசா சாப்பிட்டான்.'

'ஏழு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு துண்டு குடுன்னேன். குடுக்கல.'

'பத்து. எங்க வீட்டுக் கேட்டு துருப்பிடிச்சது அந்த வருஷம்தான். மழையாலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.'

'பத்தொம்பது. பெரிய வேலை கிடைச்சிருக்குன்னான். என்ன வேலைன்னு நான் கேக்கல.'

'முப்பத்தொண்ணு. தலைக்கவசத்தைக் கழட்டி வெச்சுட்டுத்தான் சாப்பிட உக்காருவான். அந்த மரியாதை இருக்கு.'

டின்னைச் சுரண்டும் கட்டத்தில் கொஞ்சம் நின்றாள். கடித மேசையில் மூன்று வருடம் இருந்தவளுக்கு ஒன்று தெரியும். வாசகர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. தொட்டதெல்லாம் துருப்பிடிக்கும் என்றால் கேக் டின் ஏன் பளபளவென்று இருக்கிறது? இர்வ் துருவைப் புள்ளி புள்ளியாக வைக்கச் சோம்பல்பட்டிருப்பார். படத்தை உற்றுப் பார்த்தாள். நகம் வரையச் சோம்பல்பட்டு இர்வ் தன் வில்லன்கள் எல்லோருக்கும் கையுறை போட்டுவிடுவது வழக்கம். இதிலும் போட்டிருந்தார். பெர்னி எழுதினாள்: 'டின்னை நீட்டினா முதல்ல கையுறை போட்டுக்குவான். நான் சொல்லிக் குடுத்ததில்ல.'

கடைசிக் கட்டத்துக்கு லெக்சிங்டன் நிறுத்தம் வரும்வரை யோசித்து, மூன்று வாக்கியம் எழுதினாள்.

புதன்கிழமை ஓடெல் எழுத உட்கார்ந்தார். எழுத்து வரைபவர்கள் பொதுவாகக் கதையைப் படிக்க மாட்டார்கள். படித்தால் வேகம் குறையும். அவர்களுக்கு அது எழுத்து, இடைவெளி, எழுத்து, அவ்வளவுதான். உலகம் நூறு முறை அழிந்ததையும் தளபதி இரண்டு முறை செத்ததையும் ஓடெல் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் பக்கத்தின் முடிவில் அவர் பேனாவை வைத்தார். யார் இந்த அம்மா என்று கேட்டார். பெர்னி சொன்னாள். அவர் எழுந்து போய், வட கரோலினாவுக்குப் போன் போட்டு, ஐந்து நிமிடம் ஆமா அம்மா, இல்ல அம்மா என்று வசவு வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி உட்கார்ந்து எழுதினார்.

மாலை நாலு மணிக்கு ஹால் பக்கங்களைப் படித்தார். பெர்னி எதிரில் நின்றாள். ஹால் பன்னிரண்டாம் பக்கத்தைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருமே சாகலையே."

"சாகல."

"இவனுக்கு ஒரு குறையும் இல்லையே. அப்ப நான் யாருக்காக அழறது?"

கடைசிக் கட்டத்தையும் படிக்கச் சொன்னாள். வெட்டாத கேக், முதுகு, யாருமில்லாத நாற்காலி. மேலே ஓடெலின் கையெழுத்தில்: 'இந்த வருஷம் வரல. பாலம் விழுந்துடுச்சுன்னு ரேடியோல சொன்னாங்க. வேலை இருந்திருக்கும்.'

ஹால் அதை இரண்டாவது தடவையும் படித்தார். பின்பு பலகையைத் திரும்பிப் பார்த்தார், காலிக் கட்டத்தைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"அப்புறமாவது போன் பண்ணினானா?"

"யாரு?"

"துருவரசன்."

"தெரியல. அது அடுத்த இதழ்" என்றாள் பெர்னி.

ஹால் சட்டென்று தான் ஆசிரியர் என்பதை நினைவுபடுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். வில்லனுக்கு அனுதாபம் கேட்டேன், இதில் வில்லனைப் பார்த்தால் அறையத் தோன்றுகிறது என்று கோபித்துக்கொண்டார். நேரமில்லாத ஒரே காரணத்தால்தான் அனுப்புகிறேன் என்றார். கடிதங்கள் வரட்டும், அப்புறம் பேசுவோம் என்றார். பக்கங்கள் ஒரு நாள் முன்னதாகவே மை தீட்டுபவரிடம் போயின. ஹாக்ஸ்டன் வரலாற்றில் அது முதல் தடவை.

கடிதம் வருவதற்கு நாளாகும். வரைந்தது கடைக்கு வர மூன்று மாதம், படித்தவன் கோபப்பட்டுத் தாள் தேட இன்னும் இரண்டு வாரம். அதுவரை பெர்னிக்குத் தற்காலிகமாக வேறு வேலை கொடுத்திருந்தார்கள். அது ஜன்னலில்லாத மேசை. அதனால் ஜனவரி முதல் வாரத்தில் தபால் மூட்டை வந்தபோது அதை அவிழ்த்தவள் அவளேதான்.

வழக்கமாக ஒரு இதழுக்கு எண்பது கடிதம் வரும். இதற்கு அறுநூற்றுப் பதினொன்று. துருவரசனைப் பாவம் என்று சொன்ன ஒருவர்கூட அதில் இல்லை. அவனைத் திட்டியிருந்தார்கள். பாலத்தை இடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா என்று டெக்ஸாஸிலிருந்து ஒரு ராணுவ வீரர் கேட்டிருந்தார். ஓஹையோவிலிருந்து ஒரு அம்மாள் எலுமிச்சை கேக்கின் அளவுகளைக் கேட்டிருந்தாள். பல கடிதங்கள் ஆசிரியருக்கே எழுதப்படவில்லை, 'துருவரசனின் அம்மா, ஹாக்ஸ்டன் காமிக்ஸ் மேற்பார்வை' என்று நேராக அவளுக்கே வந்திருந்தன. இரண்டில் பிறந்தநாள் வாழ்த்து அட்டை இருந்தது. எட்டாம் பக்கம் ஆறாம் கட்டத்தில் பதினொரு வயதுக்குப் பதிமூன்று மெழுகுவத்தி இருக்கிறதே என்று நாற்பத்திரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

ஹால் மூட்டையை முழுசாகப் படித்தார். பலகைக்கு முன்னால் மார்க்கரோடு நின்றார். துருவரசனின் கட்டத்தில் ஒரு சொல் எழுதினார், அடித்தார், இன்னொன்று எழுதினார், அதையும் அடித்தார். கடைசியில் எழுதியது: 'காரணம் இல்லை. அம்மா இருக்கிறாள்.' பிறகு பெர்னியைக் கூப்பிட்டு, புத்தகம் அவளுக்கு என்றார். மற்ற இருபத்து மூன்று பேருக்கும் அம்மா உண்டா என்று பார்த்துவைக்கவும் சொன்னார். இன்னொரு உத்தரவும் போட்டார். இனி துருவரசன் வரும் ஒவ்வொரு இதழிலும் அந்த அம்மா வர வேண்டும். முதுகு போதாது. முகம் வேண்டும். சுருக்கங்களோடு.

இர்வுக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் தன் மனசாட்சி இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். போனின் பின்னணியில் ஃப்ரீடாவின் குரல் கேட்டது. எதிரிலேயே உட்கார்ந்திருக்கேன், நிமிர்ந்து பாருடா என்றது. அதற்குப் பிறகு மனசாட்சியைப் பற்றிப் பேச்சில்லை.

பெர்னி தன் பழைய தட்டச்சு இயந்திரத்தை ஜன்னலோரம் நகர்த்தினாள். 116ஆவது இதழுக்குச் சுருக்கம் எழுத வேண்டும். காகிதத்தைச் செருகினாள். ஆறாம் பக்கம்வரை சண்டை. ஏழாம் பக்கத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள். மூன்று செகண்டுதான் ஆயிற்று: 'துருவரசனின் அம்மாவுக்குப் பிறந்தநாள், கொட்டும் மழையில், இருபத்து மூன்று வில்லன்களும் ஆளுக்கொரு குடையோடு வீட்டு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள்.' சற்று யோசித்துவிட்டு, 'இரும்புக் கேட், பூவேலைப்பாடு' என்று சேர்த்துத் தபாலில் போட்டாள்.

இரண்டாம் நாள் காலை போன் அடித்தது. மறுமுனையில் மூச்சு வாங்குவதைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. பெர்னி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே, மிகவும் கனிவான குரலில் கேட்டாள்.

"சின்ன வயசுல உங்களுக்கு ஏதாவது நடந்துச்சா, இர்வ்?"